விஜயகுமாரியின் டிரம் அடுப்பு

யாங்கூனில் போட்டாதாங் படகுத்துறைக்குப் பின்னால், பழைய கிடங்குகள் வரிசையாக நிற்கும் சந்தில், விஜயகுமாரியைக் கோபக்காரி என்று சொல்லாதவர்கள் கிடையாது. ஆனால் அவள் கத்தி யாரும் கேட்டதில்லை. கோபம் ஏற ஏற அவள் குரல் இறங்கும். ரொம்பவும் இறங்கிவிட்டால், எதிரில் இருப்பவர் எழுந்து செருப்பைத் தேட வேண்டியதுதான்.

அவளுடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். தாவணி போடுகிற வயதிலேயே அவள் கியாக்டடாவில் ஒரு சலவைக் கடைக்கு இஸ்திரி போடப் போய்விட்டாள். கல்யாணம் ஆன பிறகும் அங்கேதான் வேலை. ஒருநாள் முதலாளியின் மகன் ஒரு அதிகாரியின் சட்டையைக் கருக்கிவிட்டு, பழியை இவள் தலையில் போட்டான். முதலாளியம்மா இவளை அந்த அதிகாரியின் முன்னால் நிறுத்தி மன்னிப்புக் கேட்கச் சொன்னாள். விஜயகுமாரி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நான் செய்யாததுக்கு மன்னிப்புக் கேட்க என் வாய் வராது" என்று பர்மியில் மெல்லச் சொல்லிவிட்டுப் படியிறங்கி வந்துவிட்டாள். அடுத்த வாரமே தன் வீட்டு வாசலில் 'இங்கே துணி துவைத்து இஸ்திரி போடப்படும்' என்று பர்மிய எழுத்தில் ஒரு பலகை தொங்கவிட்டாள்.

புருஷன் உதயசூரியன் அப்போது பஸ்ஸில் கண்டக்டர். கண்டக்டர் இல்லாத பஸ்கள் வந்து அந்த வேலை போனதும், துணி எடுக்கவும் கொடுக்கவும் அவளோடு சேர்ந்துகொண்டார். ஊரில் அவரைப் பிடிக்காதவர் இல்லை. சிரித்த முகம், இனிமையான பேச்சு. டீக்கடையில் உட்கார்ந்தால் மேஜை நிறைய ஆள் சேரும். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிக் கேட்பார். வீட்டுக்காரி சொன்னால் மட்டும் "எனக்குத் தெரியாதா?" என்பார். அந்த இரண்டு சொல்லுக்குத்தான் அவள் வாழ்நாளில் பாதிக் கோபம் செலவானது.

நல்ல காலத்தில் ஜப்பானிலிருந்து வந்த பழைய உலர்த்தும் இயந்திரம் ஒன்றை வாங்கிப் பின்னறையில் வைத்திருந்தாள். படகுத்துறைப் பக்கத்து விடுதி ஒன்றும், ஒரு தனியார் மருத்துவமனையும் படுக்கை விரிப்புகளை அவளிடம் போட்டன. பிறகு கரண்ட் முறைவைத்து வர ஆரம்பித்தது. முறை என்று பேர்தான். வந்தால் வந்தது, போனால் போனது. வந்ததும் "மீ லாபீ!", கரண்ட் வந்தாச்சு, என்று சந்து முழுக்கப் பிள்ளைகள் கத்துவார்கள். அவள் ஓடிப்போய் இயந்திரத்தைத் திருகுவாள். அது இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் மறுபடி இருட்டு.

வெயில் காலத்தில் சமாளித்தாள். மழைக்காலம் விடவில்லை. யாங்கூன் மழை வைகாசியில் தொடங்கினால் ஐப்பசி வரை ஓயாது. கொடியில் போட்ட விரிப்பு மூன்று நாளானாலும் ஈரமாகவே தொங்கும். பிறகு ஊளை நாற்றம் எடுக்கும்.

ஆடி மாதத்தில் ஒருநாள், மருத்துவமனையில் துணிகளுக்குப் பொறுப்பான டோ சான் யீ, ஒரு விரிப்பை விரித்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"மா விஜயா, நோயாளி மூக்கைப் பொத்திக்கிட்டுப் படுக்க முடியுமா? உனக்காக நான் பேசிப் பார்த்தேன். இனிமேலும் இப்படி வந்தா வேற இடம் பார்க்கச் சொல்லிட்டாங்க."

துவைத்த துணி நாறுகிறது என்று அவளிடம் யாரும் அதுவரை சொன்னதில்லை. கட்டு முழுவதையும் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வழியெல்லாம் மழை. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம், அதுதான் அவளுக்குப் பொறுக்கவே முடியாதது.

பக்கத்து வீட்டு நூருன்னிசா வடை, பஜ்ஜி போட்டு விற்பவள். கேஸ் கிடைக்காமல் போனதிலிருந்து விறகுக்கு மாறியிருந்தாள். அன்று அவள் அடுப்புக்கு மேலே கம்பி கட்டி, நனைந்த முக்காட்டுத் துணியைப் போட்டிருந்தாள். விஜயகுமாரி அதைத் தொட்டுப் பார்த்தாள். மொறமொறவென்று காய்ந்திருந்தது.

"நூரு, ஒரு அறை முழுக்க இப்படிச் சூடு பண்ண முடியுமா?"

"ஏன் முடியாது? புகைக்கு வழி வச்சா முடியும் அக்கா. இல்லேன்னா துணியோட சேர்ந்து நீயும் கருவாடுதான்."

அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். உதயசூரியனின் தம்பி சுரேந்திரன் லைங் தாயாவில் கேட் செய்கிற பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தான். அவனை வரவழைத்தாள். கியாக்டடா கடையில் வெந்நீர்க் கொப்பரை அடுப்புக்கு ஒரு நீளப் புகைக்குழாய் இருந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கரித்துண்டால் பின்னறைச் சுவரில் வரைந்தே காட்டினாள்.

"பாருங்க தம்பி. எண்ணெய் டிரம் ஒண்ணு. முதல்ல அதை வெளியில வச்சு உள்ளே இருக்கிற எண்ணெயெல்லாம் போக எரிச்சுடணும். முன்னால கதவு, கீழே சாம்பல் விழ ஒரு தட்டு. குழாய் நேரா மேலே போகணும். கூரையைத் தாண்டி, முகட்டுக்கும் மேலே நிக்கணும். நடுவுல மடக்கவே கூடாது."

"சரிங்க அண்ணி. ஜமாய்ச்சிடலாம்."

அவன் வேலைக்கு வந்த அன்று அவள் விடுதிக்குத் துணி கொடுக்கப் போயிருந்தாள். திரும்பி வந்து பார்த்தால், குழாய் இடுப்பளவு மேலே போய், முழங்கை மாதிரி மடங்கி, சுவரில் ஒரு ஓட்டை வழியாக இறவாணத்துக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தது. அண்ணனும் தம்பியும் வேலை முடிந்த களிப்பில் லெபெயே என்கிற பால் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"குழாய் ஏன் மடங்கியிருக்கு?" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

சுரேந்திரன் அண்ணனைப் பார்த்தான். உதயசூரியன் சிரித்தார். "தகரக் கூரையில ஓட்டை போட்டா மழையெல்லாம் வீட்டுக்குள்ளதான் வரும். டீக்கடையில கேட்டேன், எல்லாரும் அதையேதான் சொன்னாங்க. புகைக்கு என்ன, எப்படி விட்டாலும் போகும். எனக்குத் தெரியாதா?"

"டீக்கடையில யாரு துணி துவைக்கிறா?"

சுரேந்திரன் மிச்ச டீயை ஒரே மடக்காகக் குடித்துவிட்டுச் செருப்பைத் தேடினான்.

செய்ததைப் பிரித்துப் போட அவளுக்கு நேரமில்லை. மருத்துவமனைக் கட்டு ஈரத்தோடு காத்திருந்தது. மறுநாள் காலை அடுப்பைப் பற்றவைத்தாள். படகுத்துறையில் கோ தெயின் என்பவனிடம் வாங்கிய ரப்பர் மர விறகு. பற்றவே மாட்டேன் என்றது. தீக்குச்சி, காகிதம், தேங்காய் நார் என்று எல்லாம் போட்டு ஊதி ஊதிக் கண் சிவந்தது. கடைசியில் பிடித்தது. ஆனால் கட்டையின் முனைகளில் நுரை கட்டிச் சீறியது. அறை சூடாகாமல் மந்தமாகக் கிடந்தது. நடுப்பகலில் ஆற்றுப் பக்கமிருந்து காற்று திரும்பியது. இறவாணத்துக்குக் கீழே போன புகை அத்தனையும், போன வழியே அறைக்குள் வந்தது. ஓடிப்போய்க் கொடிகளில் இருந்த துணிகளை உருவினாள். வெள்ளை விரிப்புகளில் மஞ்சளாய்க் கோடு கோடாகப் புகை படிந்திருந்தது.

எல்லாவற்றையும் மறுபடி துவைத்தாள். கல்லில் அவள் அடித்த அடியைக் கேட்டு உதயசூரியன் அன்றைக்கு மதியச் சாப்பாட்டைக் கேட்கவே இல்லை.

அடுத்த நாள் மிச்ச விறகைக் கைவண்டியில் ஏற்றி நேராகக் கோ தெயினிடம் தள்ளிக்கொண்டு போனாள்.

"விறகுன்னா விறகுதான் அக்கா" என்றான் அவன். "மழைக்காலத்துல ஈரமாத்தான் இருக்கும்."

அவள் வண்டியிலிருந்து இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டினாள். தொப்பென்று செத்த சத்தம். அவன் கொட்டகையின் உட்கோடியில், தார்ப்பாய்க்குக் கீழே அடுக்கியிருந்ததிலிருந்து இரண்டை உருவித் தட்டினாள். கணீர் என்றது. முனையில் வெடிப்பு விழுந்திருந்தது. கையில் பாரமே இல்லை.

"இது யாருக்கு?"

"அது… மோஹிங்கா சாப்பாட்டுக் கடைக்காரங்களுக்கு எடுத்து வச்சது."

"அவங்களுக்குக் காய்ஞ்சது. எனக்கு நேத்து வெட்டினது. நான் என்ன, விறகையும் உங்களுக்குத் துவைச்சுக் காயவச்சுத் தரணுமா?" என்றாள் மிக மெல்ல.

சுற்றிலும் மூட்டை இறக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கோ தெயின் காய்ந்த விறகை வண்டியில் ஏற்றினான். ஒவ்வொரு கட்டையையும் அவள் தட்டிப் பார்த்தே வாங்கினாள்.

அதன்பிறகு அடுப்பு கொஞ்சம் வழிக்கு வந்தது. விறகைப் பிளந்து சன்னமாக்கினால் சீக்கிரம் பிடிக்கிறது என்று கண்டுகொண்டாள். மறுநாளைக்கு வேண்டியதை அடுப்புக்குச் சற்றுத் தள்ளி அடுக்கிவைத்தாள். துணிக்கொடியை அடுப்பிலிருந்து கை எட்டாத தூரத்தில் கட்டினாள். காற்றில்லாத நாளில் விரிப்புகள் அரை நாளில் காய்ந்தன. காற்றடித்தால் மட்டும் தொல்லை. அதற்காக ஜன்னலை எப்போதும் திறந்தே வைத்தாள். சுரேந்திரனை வந்து குழாயை மாற்றச் சொல்லி ஆள்மேல் ஆள் விட்டாள். அவன் இன்றைக்கு, நாளைக்கு என்று போக்குக் காட்டினான்.

ஆவணி மாதம் பிறந்த பிறகு ஒருநாள், மழை விடாமல் கொட்டியது. மருத்துவமனைத் துணிகளை அன்றைக்கே கொடுக்க வேண்டும். உதயசூரியனுக்கு லேசாக ஜலதோஷம். அதனால் தானே போகக் கிளம்பினாள்.

"அடுப்புல தணல்தான் இருக்கு. விறகு போட வேண்டாம். ஜன்னலை மூடாதீங்க. காத்து மாறினா எல்லாம் உள்ளதான் வரும். கேட்டுச்சா?"

"கேட்டுச்சு, கேட்டுச்சு. போயிட்டு வா."

போய்த் திரும்பி வர மதியம் தாண்டிவிட்டது. வீட்டுக்குள் சத்தமில்லை. பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள், திறக்கவில்லை. கீழ் இடுக்கில் எதுவோ அடைத்திருந்தது. தோளால் மோதித் திறந்தாள். அடுப்பிலிருந்து வருவது போலவே முகத்தில் வெக்கை அடித்தது. ஜன்னல் மூடியிருந்தது, அதன் சந்துகளில் கோணிச் சாக்கு திணித்திருந்தது. தொங்கும் துணிகளுக்குக் கீழே பாய் விரித்து உதயசூரியன் படுத்திருந்தார். புகையே இல்லை. அதுதான் அவளை ஒரு கணம் ஏமாற்றியது. சுகமாகத் தூங்குகிறார் என்றே நினைத்தாள்.

"எந்திரிங்க" என்றாள். அசையவில்லை. உலுக்கினாள். தலை தொங்கியது.

அப்போதுதான் அவள் கத்தினாள். அந்தச் சந்து முதன்முதலாக அவள் கத்திக் கேட்டது. நூருன்னிசா மாவுக் கையோடு ஓடி வந்தாள். இருவரும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து, கூடத்தைத் தாண்டி, வாசல் மழையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். மழை முகத்தில் அடிக்க அடிக்க அவர் முனகினார். வாந்தி எடுத்தார். கண்ணைத் திறந்து யாரையும் அடையாளம் தெரியாதவர்போல் பார்த்தார். சைக்காவில் ஏற்றி, சற்று முன்பு அவள் துணி கொடுத்துவிட்டு வந்த அதே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

முகத்தில் ஆக்சிஜன் வைத்தார்கள். ஒரு பெண் டாக்டர் வந்து விஜயகுமாரியிடம் விளக்கிச் சொன்னாள். தணலிலிருந்து வருகிற விஷக்காற்றுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. புகை இல்லையே என்று நம்பி, மூடிய அறையில் படுத்தால் தூக்கத்திலேயே உயிர் போய்விடும். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இங்கே கொண்டுவந்து பயனில்லை.

விஜயகுமாரி தலையாட்டினாள். அவர் படுத்திருந்த விரிப்பு அவள் காயவைத்துக் கொடுத்ததுதான். ஓரத்தில் அவள் தைத்த அடையாள நூல் தெரிந்தது. அதை விரலால் பிடித்துக்கொண்டே சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை.

செய்தி கேட்டுச் சுரேந்திரன் லைங் தாயாவிலிருந்து ஓடி வந்தான். அண்ணனைப் பார்த்துவிட்டு, "பித்தம் தலைக்கு ஏறியிருக்கும் அண்ணி. இந்தக் குளிர்காத்து அவருக்கு ஒத்துக்காது" என்றான்.

அவள் எழுந்து அவனை நடைவழிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"தம்பி, நான் சுவத்துல வரைஞ்சு காட்டினேன். நீங்க ஜமாய்ச்சிடலாம்னீங்க. உங்க அண்ணன் செத்திருந்தா, அந்த வளைஞ்ச குழாயைத்தான் கொள்ளிக்கட்டையா வச்சிருப்பேன். நாளைக்குக் காலையில மழை பெய்யட்டும், இடி விழட்டும், நீங்க என் கூரை மேல நிக்கணும். வாயைத் திறக்கக் கூடாது."

நின்றான். மறுநாள் காலை தூறலில் கூரை மேல் ஏறித் தகரத்தை வெட்டினான். அவள் கீழே குடையில்லாமல் நின்று, "இன்னும் மேலே, இன்னும் மேலே" என்று குழாய் முகட்டைத் தாண்டும் வரை விடவில்லை. உச்சியில் மழை இறங்காமல் ஒரு தொப்பி. தகரமும் குழாயும் சேருமிடத்தில் வளையம் போட்டுத் தார் பூசச் சொன்னாள். சுவரில் இருந்த பழைய ஓட்டையைத் தானே சிமெண்டால் அடைத்தாள். பிறகு உளியை எடுத்து, ஜன்னல் கதவுகள் இரண்டையும் கீலோடு பெயர்த்து வெளியே எறிந்துவிட்டு, அந்த இடத்தில் கம்பிவலை அடித்தாள். இனிமேல் அந்த ஜன்னலை யாரும் மூட முடியாது. கூரையில் போட்ட ஓட்டை வழியாக ஒரு சொட்டு மழையும் உள்ளே வரவில்லை.

உதயசூரியன் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தலைவலியோடு சுருண்டு கிடந்தார். கஞ்சி வைத்துக் கொடுத்தாள், வெந்நீர் கொடுத்தாள், பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே ஆரம்பித்தார்.

"சூடு வீணாப் போகுதேன்னுதான் மூடினேன் விஜயா. விறகு மிச்சமாகுமேன்னு நினைச்சேன்."

"நான் மூடாதீங்கன்னு சொன்னது காதுல விழுந்துச்சா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

அவர் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். பொய் சொல்லியிருக்கலாம். மழைச் சத்தத்தில் கேட்கவில்லை என்றால் அவள் நம்பியிருப்பாள். ஆனால் சாவைத் தொட்டுவிட்டு வந்த மனுஷர், அன்றைக்கு உண்மையைச் சொன்னார்.

"விழுந்துச்சு. நீதானே சொல்றேன்னு இருந்துட்டேன்."

விஜயகுமாரி கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கழுவும்போது கிண்ணம் கைநழுவி இரண்டாக உடைந்தது. நூருன்னிசா வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தாள்.

"நீதானே சொல்றேன்னு இருந்துட்டாராம்" என்றாள். "வேற யாராவது சொல்லியிருந்தா கேட்டிருப்பாராம். அந்தக் கோ தெயின் சொல்லியிருந்தாக்கூடக் கேட்டிருப்பார். இத்தனை வருஷம் இந்த மனுஷனோட நான் பேசினதெல்லாம் எங்கே போச்சு, நூரு?"

நூருன்னிசா புருஷனை இழந்தவள். யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அவர் பொழைச்சதுனாலதான் நீ இப்படிக் கோபப்பட முடியுது அக்கா. நல்லாக் கோபப்படு. நானா இருந்தாலும் படுவேன்."

சமாதானம் சொல்லாமல் இருந்ததற்காகவே விஜயகுமாரிக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. அடுத்த மாதமே அவளைத் தன்னோடு வேலைக்குச் சேர்த்துக்கொண்டாள். காலையில் பலகார வேலை, மதியத்துக்குமேல் உலர்த்தும் அறை. தீ வளர்ப்பதில் நூருன்னிசாவுக்கு நல்ல கை. மழைக்காலம் முடிகிற வரை ஒரு விரிப்புகூடத் திரும்பி வரவில்லை. டோ சான் யீ விரித்து முகர்ந்து பார்ப்பதை நிறுத்திவிட்டு, பிரசவப் பகுதித் துணிகளையும் சேர்த்துக் கொடுத்தாள்.

உதயசூரியனுக்கு உலர்த்தும் அறையில் வேலை இல்லை என்று அவள் தீர்த்துச் சொல்லிவிட்டாள். விறகு பிளப்பது, காய்ந்ததா என்று தட்டிப் பார்த்து அடுக்குவது, சாம்பல் அள்ளுவது மட்டும் அவர் பொறுப்பு. அவர் செய்தார். டீக்கடையில் ஆட்கள் கேலி செய்தபோது, "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்ப்பா" என்றாராம். இதை யாரோ வந்து அவளிடம் சொன்னார்கள். இதை வீட்டில் சொல்ல வாய் வரவில்லையாக்கும் என்று அதற்கும் கோபப்பட்டாள்.

தை மாதம் அந்த வருஷம் யாங்கூனில் வழக்கத்தைவிடக் குளிர் அடித்தது. ஆற்றிலிருந்து வந்த ஈரக்காற்று எலும்பு வரை போனது. ஒரு சாயங்காலம் உதயசூரியன் கூடத்தில் இரண்டு போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜலதோஷம் நெஞ்சில் கட்டியிருந்தது. உலர்த்தும் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார், கேட்கவில்லை.

விஜயகுமாரி உள்ளே போனாள். துணியெல்லாம் காய்ந்து மடித்தாகிவிட்டது. அடுப்பு அணைகிற நேரம். இரண்டு கட்டையைச் சேர்த்து வைத்தாள். குழாயில் இழுப்பு சரியாக இருக்கிறதா என்று கதவைத் திறந்து தீயைப் பார்த்தாள், ஜன்னல் வலையில் கை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்தாள். பிறகு கூடத்துக்கும் அறைக்கும் நடுவிலிருந்த கதவை அகலத் திறந்து, ஆடாமல் இருக்க ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்தாள். வெதுவெதுப்பு கூடத்துக்குப் பரவியது.

"எனக்கா?" என்றார் அவர்.

"என் முழங்காலுக்கு. ரெண்டு நாளா வலிக்குது" என்றாள்.

சுவரோரமாக, அவரிடமிருந்து தள்ளியே உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பேசாம இருங்க, நான் இன்னும் கோபமாத்தான் இருக்கேன்" என்றாள். அவர் பேசாமல் இருந்தார்.